நீரே முதல் மருந்து

மெக்சிகோ நாட்டின் 50 பெசோ தாளில் 2021-ஆம் ஆண்டு முதல் ஒரு விநோதமான உயிரினத்தின் உருவம் இடம்பெற்றிருக்கிறது. தலையின் இருபுறமும் இறகுபோல் விரிந்த செவுள்கள், இமையில்லாத சிறு கண்கள், எப்போதும் புன்னகைப்பது போன்ற வாய். ஆக்சலாட்டல் என்பது அதன் பெயர். அதே 2021-இல்தான், உலகெங்கும் சிறுவர்கள் விளையாடும் 'மைன்கிராஃப்ட்' கணினி விளையாட்டிலும் அது நுழைந்தது. திரையில் கண்டதைத் தொட்டியில் காண விரும்பிய குழந்தைகள் பெற்றோரை நச்சரித்தனர். பெற்றோர் கடைக்குச் சென்றனர். சென்னை, பெங்களூரு, மும்பை போன்ற நகரங்களின் வண்ணமீன் சந்தைகளிலும் இன்று அது விலைக்குக் கிடைக்கிறது.

ஆனால், அதன் தாயகத்தில் நிலைமை தலைகீழ். மெக்சிகோ நகரின் தெற்கே உள்ள சோச்சிமில்கோ, சால்கோ ஆகிய இரு ஏரிகளே அதன் இயற்கை வாழிடம். சால்கோ வடிக்கப்பட்டுவிட்டது, சோச்சிமில்கோ கால்வாய்களாகச் சுருங்கிவிட்டது. மெக்சிகோவின் தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1998-இல் அங்கு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6,000 ஆக்சலாட்டல்கள் இருந்ததாக மதிப்பிட்டனர். 2014-இல் அந்த எண்ணிக்கை 36. இயற்கையில் எஞ்சியிருக்கும் முதிர்ந்த விலங்குகள் 50 முதல் 1,000 வரை இருக்கலாம் என்கிறது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம். ஏரியில் அரிதாகிவிட்ட ஓர் உயிரினம், உலகின் கண்ணாடித் தொட்டிகளிலும் ஆய்வகங்களிலும் லட்சக்கணக்கில் பெருகியிருக்கிறது.

இந்த முரண்பாட்டைப் பொருளியல் படித்தவன் என்ற முறையில் சில காலமாகக் கவனித்து வருகிறேன். என் முன்னாள் மாணவர் ஒருவர், இப்போது வங்கி அதிகாரி, தம் மகளுக்காக வாங்கிய ஆக்சலாட்டலின் செவுளில் வெண்பஞ்சு படர்ந்துவிட்டது என்று வருந்தினார். கணக்கு எழுதும் பழக்கம் உள்ளவராதலால், அதுவரை செய்த செலவின் பட்டியலையும் காட்டினார். விலங்கின் விலையைவிட, அடுத்தடுத்து வாங்கிய மூன்று மருந்துப் புட்டிகளின் விலை கூடுதலாக இருந்தது. அவற்றுள் ஒன்றில், உள்ளே என்ன இருக்கிறது என்பதே அச்சிடப்படவில்லை. அந்த நீண்ட பட்டியலில் இல்லாத ஒரே பொருள், தொட்டி நீரைச் சோதிக்கும் பெட்டி.

அந்தப் பட்டியல் ஒரு குடும்பத்தின் கதை மட்டுமன்று. ஆக்சலாட்டல் வளர்ப்பில் மிகுதியாகக் காணப்படும் இரு தொல்லைகள் பூஞ்சைத் தொற்றும் செவுள் சிதைவும்தான். இரண்டுக்கும் மருந்து தேடி அலைபவர்கள் பலர். நீரைப் பார்ப்பவர்கள் சிலர்.

நான் கால்நடை மருத்துவன் அல்லன். ஆனால், துறை வல்லுநர்கள் பொதுவாக ஒத்துக்கொள்ளும் செய்திகள் எவருக்கும் புரியக்கூடியவையே. சாலமாண்டர்கள் பல வளர்ந்ததும் செவுளை இழந்து கரையேறுகின்றன; ஆக்சலாட்டல் வாழ்நாள் முழுவதும் இளம் பருவத்துச் செவுளோடு நீரிலேயே இருந்துவிடுகிறது. மூன்று இணைத் தண்டுகள், அவற்றில் மயிர்போல் அடர்ந்த மெல்லிய இழைகள். அந்த இழைகளின் வழியாகவே நீரில் கரைந்த ஆக்சிஜன் பெருமளவு குருதியில் கலக்கிறது. தோலாலும் எளிய நுரையீரலாலும் சிறிதளவு சுவாசிக்க இயலும். திறந்த வெளியில் தொங்கும் நுரையீரல் என்று அந்தச் செவுளைச் சொல்லலாம். நீரில் எது கலந்தாலும் முதலில் அடிபடுவது அதுதான்.

செவுளில் பஞ்சுபோல் படரும் வெண்மை பெரும்பாலும் சேப்ரோலெக்னியா எனப்படும் நீர்ப்பூசணம். பேச்சு வழக்கில் பூஞ்சை என்றாலும், உயிரியல் வகைப்பாட்டில் அது உண்மையான பூஞ்சை அன்று. பூஞ்சைகளின் செல் சுவர் கைட்டினால் ஆனது. இதன் சுவர் பெரும்பாலும் செல்லுலோஸ் சார்ந்தது. பூஞ்சைக்கொல்லி மருந்துகளில் பல, பூஞ்சையின் செல் சவ்வில் உள்ள எர்கோஸ்டிரால் என்ற பொருளைக் குறிவைப்பவை. அந்த இலக்கே இதனிடம் இல்லாதபோது அம்பு எங்கே தைக்கும்? மனிதருக்கான படர்தாமரைக் களிம்பை ஆக்சலாட்டலுக்குத் தடவுவோரும் இருக்கிறார்கள் என்பதால் இதைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோயும் வெண்பஞ்சு போன்ற தோற்றத்தையே தரும். இரண்டையும் வெறுங்கண்ணால் பிரித்தறிவது கடினம். செவுளின் மேற்பரப்பிலிருந்து சிறிது சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும். பூசணத்துக்கு நுண்ணுயிர்க்கொல்லி பயனற்றது. பாக்டீரியாவுக்குப் பூஞ்சைக்கொல்லி பயனற்றது. எது என்று அறியாமல் இரண்டையும் சேர்த்து ஊற்றுவது சிகிச்சை அன்று, சூதாட்டம். நுண்ணுயிர்க்கொல்லிகளின் தாறுமாறான பயன்பாடு மருந்துக்கு அடங்காத கிருமிகளை உருவாக்குகிறது என்று உலகமே கவலைப்படும் காலத்தில், அந்தச் சூதாட்டத்தின் இழப்பு தொட்டியோடு நின்றுவிடுவதில்லை.

சேப்ரோலெக்னியாவின் வித்துகள் ஏறக்குறைய எல்லா நன்னீரிலும் இருப்பவை. நலமுள்ள விலங்கின் தோலில் உள்ள வழவழப்பான சளிப்படலத்தை அவை எளிதில் ஊடுருவுவதில்லை. காயமோ, வெப்பமோ, நீரின் நச்சோ அந்தப் படலத்தைச் சிதைத்த பிறகே அவை வேர்கொள்கின்றன. எனவே 'எங்கிருந்து பூஞ்சை வந்தது?' என்பதைவிட, 'எது அதற்குக் கதவைத் திறந்துவிட்டது?' என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

பெரும்பாலும் கதவைத் திறப்பது அம்மோனியா. விலங்கின் கழிவும் எஞ்சிய உணவும் அம்மோனியாவாக மாறுகின்றன. வடிகட்டியில் குடியேறும் நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பின் கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் எட்டு வாரங்கள் ஆகும். ஒரே நாளில் தொட்டியும் விலங்கும் சேர்த்து விற்கப்படுகின்றன என்றால், அந்த விலங்கு முதல் நாளிலிருந்தே தன் கழிவின் நச்சில் வாழத் தொடங்குகிறது என்று பொருள். அம்மோனியா செவுள் இழைகளை எரிக்கிறது. அவை குட்டையாகி, நுனி கருகி, உதிர்கின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் முற்றிலும் பூஜ்யமாக இருக்கவேண்டும். நைட்ரேட் குறைவாக இருக்கவேண்டும். இதை மூக்கால் முகர்ந்தோ, நீரின் தெளிவைக் கண்டோ அறிய முடியாது. பளிங்குபோன்ற நீரிலும் நச்சு இருக்கலாம்.

அடுத்தது வெப்பம். ஆக்சலாட்டலுக்கு உகந்தது 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். 24 டிகிரியைத் தாண்டினால் அது துன்புறுகிறது. சென்னையில் கோடையில் மேல்நிலைத் தொட்டி நீர் எவ்வளவு சுடும் என்பதை இங்கு யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. 16 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9.9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. அதேவேளையில், வெப்பம் ஏற ஏற விலங்கின் உடல் இயக்கம் விரைவுபட்டு, ஆக்சிஜன் தேவை கூடுகிறது. அளிப்பு குறையும்போதே தேவை உயர்வதைப் பொருளியலில் நெருக்கடி என்போம். செவுள் அந்த நெருக்கடியின் முதல் பலி. பனிக்கட்டி நிரப்பிய புட்டியைத் தொட்டியில் மிதக்கவிட்டால் வெப்பம் திடீரெனத் தாழ்ந்து, திடீரென உயரும். அந்த ஏற்ற இறக்கமும் விலங்கை நலிவுறச் செய்வதே.

மூன்றாவது, நீரின் வகை. குழாய் நீரில் உள்ள குளோரின் செவுளுக்கும் வடிகட்டிப் பாக்டீரியாவுக்கும் எமன். அதை நீக்கும் கரைசல் இன்றி அந்த நீரைப் பயன்படுத்தக்கூடாது. இதற்கு அஞ்சி, 'தூய நீர்' என்ற நம்பிக்கையில் வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் நீரை நேரடியாக ஊற்றுவோர் பலர். நமக்கு நல்லதெல்லாம் அதற்கு நல்லதன்று. ஆக்சலாட்டல் தாது உப்புகள் உள்ள, மிதமான கடினத்தன்மை கொண்ட நீருக்குப் பழகியது. உப்புகள் அறவே நீக்கப்பட்ட மென்னீரில் அதன் செவுள் காலப்போக்கில் மெலிகிறது. நீர்ப்பூசணத்துக்கும் அது வாய்ப்பாகிறது. வடிகட்டியின் நீரோட்டம் கடுமையாக இருந்தாலும் அது தாங்காது. செவுள்கள் முன்னோக்கி வளைந்தே இருந்தால், 'என்னால் இயலவில்லை' என்று அது சொல்வதாகக் கொள்ளவேண்டும்.

காரணம் தெரிந்துவிட்டால் சிகிச்சையின் வரிசையும் தெளிவாகும். முதலில் நீரைச் சோதிக்கவேண்டும். பின்னர் விலங்கை, மூடியுள்ள சுத்தமான தனிப் பாத்திரத்துக்கு, குளோரின் நீக்கிய குளிர்ந்த நீருக்கு மாற்றி, நிழலில் வைத்து, நாள்தோறும் நீர் முழுவதையும் மாற்றவேண்டும். தொடக்கநிலைத் தொற்றுகள் பல இதனாலேயே பின்வாங்கிவிடும். நாட்டு வாதுமையின் காய்ந்த இலையை ஊறவைத்த நீர் மிதமான பூசண எதிர்ப்புத் தன்மை உடையது. வளர்ப்போர் பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். நம் தெருவோரம் உதிர்ந்துகிடக்கும் அந்த இலைக்கு விலையில்லை. பூச்சிமருந்து படாததாகவும் கழுவியதாகவும் இருந்தால் போதும்.

உப்புக் குளியல் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் முறை. அயோடின் முதலியவை கலக்காத உப்பை லிட்டருக்கு இரண்டு முதல் மூன்று தேக்கரண்டி வீதம் கரைத்து, அந்த நீரில் விலங்கைப் பத்து நிமிடத்துக்கு மிகாமல், நாளொன்றுக்கு ஓரிரு முறை வைப்பார்கள்; சில நாள்களுக்கு மேல் தொடர்வதில்லை. நேரம் நீண்டால் உப்பே தோலையும் செவுளையும் அரிக்கும் என்பதால் வல்லுநர் சிலர் இதைக் கடுமையான முறையாகக் கருதுகிறார்கள். தொற்று அடங்காதபோது மெத்திலீன் நீலம் பயன்படுகிறது. அதன் அளவைக் கால்நடை மருத்துவரே குறிக்கவேண்டும். அதைத் தனிப் பாத்திரத்தில் மட்டுமே பயன்படுத்தவேண்டும். முதன்மைத் தொட்டியில் ஊற்றினால் வடிகட்டியின் நல்ல பாக்டீரியாக்கள் மடிந்து, அம்மோனியா மீண்டும் தலைதூக்கும். நோயை நீக்கப் போய் நோய்க்காரணியை வளர்த்த கதையாகிவிடும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. மீன்களுக்கான செம்பு கலந்த மருந்துகளும் மாலகைட் பச்சையும் இருவாழ்விகளுக்குக் கேடு. மீனுக்குச் செதில் உண்டு. ஆக்சலாட்டலின் தோலோ ஊடுருவ எளிதானது, மருந்தை உறிஞ்சிவிடும். பஞ்சுபோன்ற படலத்தை இடுக்கியால் பிய்த்தால் செவுள் இழையும் சேர்ந்து கிழிந்து, புதிய தொற்றுக்கு வழியாகும். மீன்களோடு சேர்த்து வளர்ப்பதும் தவறு; அசையும் செவுளை இரையென்று கருதி அவை கொத்துகின்றன.

இந்த இடத்தில் விற்பனையாளர்கள் சொல்லும் ஓர் ஆறுதல் உண்டு: "கவலைப்படாதீர்கள், வெட்டினாலும் வளர்ந்துவிடும்." அது பாதி உண்மை. இழந்த கால், வால், தண்டுவடத்தின் பகுதி, செவுள் ஆகியவற்றை மீண்டும் வளர்த்துக்கொள்ளும் ஆற்றலுக்காகவே உலகின் ஆய்வகங்கள் இதைக் கொண்டாடுகின்றன. 2018-இல் வெளியான இதன் மரபணுத் தொகுதி 3,200 கோடி இணைகள் கொண்டது. மனிதனுடையதைப்போல் பத்து மடங்கு. நீர் சீரானால் செவுள் இழைகள் சில வாரங்களில் துளிர்க்கவும் செய்யும். ஆனால், நஞ்சான நீரில் துளிர்க்கும் இழை துளிர்க்கும்போதே எரிகிறது. மீண்டெழும் ஆற்றல் உள்ளவரிடம் கூடுதல் சுமையை ஏற்றுவது, மனிதர் தமக்குள் செய்துகொள்ளும் அநீதிதான். அதை இந்தச் சிற்றுயிருக்கும் நீட்டித்திருக்கிறோம்.

இனி என் துறைக்கு வருகிறேன். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் என்ன நடக்கும் என்பதை ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை முன்வைத்து விளக்கினார்; 2001-இல் நோபல் பரிசும் பெற்றார். நல்ல பொருளுக்கும் பழுதான பொருளுக்கும் வேறுபாடு காண இயலாத வாங்குபவர், எல்லாவற்றுக்கும் சராசரி விலையையே தர முன்வருகிறார். நல்ல பொருளை விற்பவர் கட்டுப்படியாகாமல் ஒதுங்குகிறார்; பழுதானதே சந்தையில் மிஞ்சுகிறது. தொட்டியை இரண்டு மாதம் பக்குவப்படுத்தி, குளிர்ந்த நீரில் வளர்த்து, உண்மையான செலவைச் சொல்லி விற்கும் வணிகர், 'இன்றே எடுத்துச் செல்லுங்கள்' என்பவரிடம் தோற்றுப்போகிறார்.

மறைக்கப்படும் செலவு எவ்வளவு? 150 வாட் குளிர்விப்பான் ஒன்று நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 1.8 யூனிட், மாதத்துக்கு 54 யூனிட், இரு மாதத்துக்கு 108 யூனிட். தமிழகத்தில் 2016-இல் வீடுகளுக்கு அறிவிக்கப்பட்ட கட்டணமில்லா மின்சாரமே இரு மாதத்துக்கு 100 யூனிட்தான். ஒரு குடும்பத்தின் விளக்கும் விசிறியும் ஓடப் போதும் என்று அரசு கருதிய மின்சாரத்தை, ஒற்றைத் தொட்டி குடித்துவிடும். நல்ல பராமரிப்பில் இந்த விலங்கு பத்து ஆண்டுகளுக்கும் மேல் வாழக்கூடியது. ஆகவே, வாங்கும் விலை என்பது செலவின் முதல் தவணை மட்டுமே. மீதித் தவணைகளை உரிமையாளர் செலுத்தாவிட்டால், விலங்கு தன் செவுளால் செலுத்துகிறது.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் ஆக்சலாட்டல் உள்ளது. 2022-இல் திருத்தப்பட்ட நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பட்டியல்களைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, இத்தகைய உயிரினங்களை வைத்திருப்போர் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும்; பிறப்பு, இறப்பு, கைமாற்றம் ஆகியவற்றையும் தெரிவிக்கவேண்டும். இதை அறிந்து வாங்குவோர் எத்தனை பேர், சொல்லி விற்போர் எத்தனை பேர் என்பதே கேள்வி.

இது தொட்டியோடு முடியும் தனிப்பட்ட விவகாரம் அன்று. இருவாழ்விகளைத் தாக்கும் கைட்ரிட் என்ற வேறொரு பூஞ்சை, உலகில் குறைந்தது 501 இனங்களின் வீழ்ச்சிக்குக் காரணமாகி, அவற்றுள் 90 இனங்கள் அற்றுப்போனதாகக் கருதப்படும் நிலையை உருவாக்கியது என்று 2019-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அதன் பரவலில் வளர்ப்பு விலங்கு வணிகத்துக்கும் பங்குண்டு. இதே பேரினத்தைச் சேர்ந்த மற்றொரு பூஞ்சையை அஞ்சியே அமெரிக்கா 2016-இல் 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதியைத் தடுத்தது. ஆக்சலாட்டல்கள் கைட்ரிட் பூஞ்சையை நோயின் அறிகுறி இன்றிச் சுமக்கக்கூடியவை. தொட்டி நீரை வாய்க்காலில் கொட்டுவதும், சலித்துப்போன விலங்கைக் குளத்தில் விடுவதும், மேற்குத் தொடர்ச்சி மலை என்ற தவளைகளின் கருவூலத்தை உடைய நாட்டில் பொறுப்பற்ற செயல்.

தடை ஒன்றே தீர்வு என்று நான் சொல்லமாட்டேன். கண்காணிக்க இயலாத தடை, வணிகத்தைத் திரைக்குப் பின்னே தள்ளும். அங்கே தகவல் இன்னும் குறையும். மாறாக, தகவலைக் கட்டாயமாக்கலாம். 2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகள், கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெறவேண்டும் என்கின்றன. அந்தப் பதிவோடு மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கலாம். விற்பனையின்போது உகந்த வெப்பநிலை, ஆண்டுப் பராமரிப்புச் செலவு, சட்டப் பதிவுக் கடமை ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்டு ஒரு பக்கத் தாளாகத் தரவேண்டும். உட்பொருளும் அளவும் அச்சிடப்படாத மருந்தை விற்கக்கூடாது. வாங்குபவர் தம் தொட்டி நீரின் சோதனை முடிவைக் காட்டிய பிறகே விலங்கைத் தரவேண்டும்.

சிகிச்சைக்கும் வழி வேண்டும். தமிழகத்தில் இயல்பாக வாழும் சாலமாண்டர் எதுவும் இல்லை. எனவே நம் கால்நடை மருத்துவர்கள் பலர் இத்தகைய விலங்கைக் கையாண்டதில்லை என்றால் அது அவர்கள் குறையன்று. ஆயினும் நீர்ப் பரிசோதனை, நுண்ணோக்கியில் பூசணத்தையும் பாக்டீரியாவையும் பிரித்தறிதல் ஆகியவை மீன்வள ஆய்வகங்களுக்குப் பழகிய பணிகள். கால்நடை அறிவியல் பல்கலைக்கழகமும் மீன்வளப் பல்கலைக்கழகமும் உள்ள மாநிலத்தில், குறைந்த கட்டணத்தில் இந்தச் சேவையை அளிப்பது இயலாததன்று. வண்ணமீன் வளர்ப்போருக்கும் அது பயன்படும்.

ஆக்சலாட்டலின் தாயகத்திலிருந்து அண்மையில் வந்த ஒரு நற்செய்தி இங்கு நினைக்கத்தக்கது. வளர்ப்பில் பிறந்த 18 ஆக்சலாட்டல்களை ஆய்வாளர்கள் மெக்சிகோ நகரின் இரு நீர்நிலைகளில் விட்டுக் கண்காணித்தனர். கண்காணிப்புக் காலம் முழுவதும் அவை அனைத்தும் உயிர்பிழைத்தன. மீண்டும் பிடிக்கப்பட்டவை எடை கூடியிருந்தன என்று 2025-இல் அறிவித்தனர். இதைக் கண்டு நம் வீட்டுத் தொட்டிகள் அந்த இனத்தைக் காக்கின்றன என்று எண்ணிவிடக்கூடாது. வளர்ப்பில் உள்ள ஆக்சலாட்டல்களில் பெரும்பாலானவை 1864-இல் பாரிஸுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஒரு சிறு கூட்டத்தின் வழிவந்தவை. வேறு சாலமாண்டர் இனத்தோடு கலப்பும் நேர்ந்திருக்கிறது. அவற்றை ஏரியில் விட்டு இனத்தை மீட்க இயலாது.

மெக்சிகோவின் உழவர்களும் ஆய்வாளர்களும் இணைந்து செய்துவருவது வேறு. சோச்சிமில்கோவின் பழைய மிதவைத் தோட்டங்களை ஒட்டிய கால்வாய்களில் தடுப்பு அமைத்து, இரைகொல்லிகளாகிவிட்ட கெண்டையும் திலாப்பியாவும் நுழையாமல் தடுத்து, நீரைத் தூய்மைப்படுத்துகிறார்கள். நீர் சீரான இடத்தில் விலங்குக்கு வாழ வழி பிறக்கிறது. ஏரிக்குப் பொருந்தும் இந்த விதியே நம் வீட்டுத் தொட்டிக்கும் பொருந்தும். சூழலைச் சீரழித்துவிட்டு மருந்துக்குச் செலவிடும் பழக்கம் தனிமனிதருக்கும் அரசுகளுக்கும் பொதுவானது. அது எந்தக் கணக்கிலும் நட்டமே. நீருக்குச் செலவிட மனமில்லாதவர், விலங்கை வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் பேருதவி.